துறவியரின் கிண்ணமும் நமது சாக்குப்போக்கும்

புதுநன்மை விழா ஒன்றின் மதிய விருந்து அது. காலைத் திருப்பலியில் வெண்ணிற ஆடை உடுத்தி, கையில் மெழுகுதிரி ஏந்தி, ஆண்டவரின் திருவுடலை முதன்முறையாக உட்கொண்ட சிறுமி மாடியில் தன் தோழியரோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கீழே கூடத்தில், அயல்நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த உறவினர் ஒருவர் தம் பெட்டியைத் திறந்து நான்கு கரும்புட்டிகளை மேசைமீது வரிசையாக எடுத்து வைத்தார். அப்புட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட அகன்ற வாய்க் கிண்ணம் ஒன்றும் உடன் வந்திருந்தது. "இது கடைச்சரக்கு இல்லை, பெல்ஜியத்தில் நம்ம துறவிகள் மடத்திலேயே செய்கிற பியர்" என்று அவர் அறிவித்தபோது, கூடியிருந்தோர் முகங்களில் ஒருவகை நிம்மதி பரவியதைக் கண்டோம்.

ஓரத்தில் மோர்க் குவளையோடு ஒருவர் அமர்ந்திருந்தார். குடியை விட்டு அவருக்கு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நான்கு ஆண்டுகளுக்காக அவரும் அவர் மனைவியும் கொடுத்த விலையை அந்த ஊர் அறியும். கிண்ணம் அவர்பக்கமும் நீண்டது. "சாமியாருங்களே செஞ்சது மாமா, இதுல என்ன பாவம்?" அவர் சிரித்து மறுத்தார். மீண்டும் வற்புறுத்தினார்கள், மீண்டும் மறுத்தார். மூன்றாம் முறை எழுந்து வெளியே சென்றுவிட்டார். பந்தியில் அமர்ந்திருந்த அவர் மனைவி இலையைப் பாதியில் மூடிவிட்டு அவர்பின் சென்றார்.

நாமும் அந்தக் கூடத்தில் இருந்தோம். நாமும் வாய் திறக்கவில்லை. அன்று பேசியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறோம்.

நம் வழக்கு பியரோடு அன்று. துறவியரோடு அறவே அன்று. "துறவியரே செய்கிறார்கள்" என்னும் ஒற்றை வாக்கியத்தோடுதான் நம் வழக்கு. அந்த வாக்கியம் உண்மையானது. ஆனால் உண்மையான ஒரு வாக்கியத்தைக் கொண்டு பொய்யான ஒரு முடிவுக்கு வருவது எளிது. ஆகவே, அத்துறவியர் உண்மையில் என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள், தாம் எதைப் பருகுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

விதி என்ன சொல்கிறது?

டிராப்பிஸ்ட் துறவியர் என்று வழங்கப்படுவோர் சிஸ்டர்சியன் துறவறக் குடும்பத்தினர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் லா டிராப் மடத்தில் மடத்தலைவர் ரான்சே கொணர்ந்த கடுமையான சீர்திருத்தத்திலிருந்து அவர்களுக்கு அப்பெயர் வந்தது. 1892இல் அவர்கள் தனிச் சபையாயினர். மௌனம், இறைவேண்டல், உடலுழைப்பு என்னும் மூன்றே அவர்தம் நாளின் தூண்கள். பிரெஞ்சுப் புரட்சி மடங்களைக் கலைத்தபோது நாடு விட்டு நாடு அலைந்த அவர்களுள் சிலர் 1794இல் ஆண்ட்வெர்ப் நகருக்கு அருகே வெஸ்ட்மாலே என்னுமிடத்தில் நிலைகொண்டனர். அங்கே 1836இல் பியர் காய்ச்சத் தொடங்கினர். 1831இல் தோன்றிய வெஸ்ட்விலெட்டரென் புனித சிக்ஸ்துஸ் மடமும், 1850இல் தோன்றிய சிமே ஊரருகே உள்ள ஸ்கூர்மோன் மடமும் அவ்வழியே சென்றன. கொடிமுந்திரி விளையாத, வாற்கோதுமை விளையும் வடநிலம் அது. அந்நாட்டு மக்களின் அன்றாடப் பானம் பியர். மடத்து உணவு மேசையிலும் அதுவே இடம்பெற்றது.

இம்மடங்கள் அனைத்தும் பின்பற்றுவது புனித ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்கையே. அதன் 40ஆம் அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. பிறர் எவ்வளவு உண்ண வேண்டும், பருக வேண்டும் என்று அளவிட்டுச் சொல்லத் தமக்குத் தயக்கமாக இருக்கிறது என்றே அவர் தொடங்குகிறார். திராட்சை இரசம் துறவிக்கு உரியதே அன்று என்று முன்னோர் கருதியதை நினைவுகூர்கிறார். ஆயினும் தம் காலத்துத் துறவியர் அதனை ஏற்கமாட்டார் என்பதால், நிறையக் குடியாமல் குறைவாகக் குடிக்கவாவது உடன்படுவோம் என்கிறார். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒரு 'ஹெமினா' என்று அளவும் குறிக்கிறார். அது ஏறத்தாழக் கால் லிட்டர் என்பது பலர் கருத்து. முற்றிலும் விலக்கி வாழும் வரம் பெற்றவர் தனிக் கைம்மாறு பெறுவர் என்றும், ஏழ்மையினால் அவ்வளவும் கிடைக்காத இடத்தில் வாழ்வோர் முணுமுணுக்காமல் இறைவனைப் போற்ற வேண்டும் என்றும் முடிக்கிறார்.

இந்த அதிகாரத்தின் தொனி வாசகர் கவனத்திற்கு உரியது. மனிதனின் பலவீனத்திற்கு இரங்கி வழங்கிய ஓர் அனுமதி இது. பாராட்டி வழங்கிய பட்டயம் அன்று. அளவை மட்டுமல்ல, அளவும் கிடைக்காதபோது காக்க வேண்டிய அமைதியையும் சேர்த்தே சொல்கிற அனுமதி. நம் விருந்துகளில் அளவு குறைந்தால் எழும் முணுமுணுப்பை நாம் அறிவோம். ஆகவே துறவியரைச் சாட்சிக்கு அழைப்பவர் 40ஆம் அதிகாரத்தை இறுதிவரை வாசிக்க வேண்டுகிறோம்.

அதே ஒழுங்கின் 57ஆம் அதிகாரம் மடத்துக் கைவினைஞரைப் பற்றியது. தன் திறமையால் மடத்திற்குப் பெரும் பயன் விளைவதாக எண்ணிச் செருக்குறும் கைவினைஞரை அத்தொழிலிலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்கிறது அது. செய்த பொருளை விற்கும்போது பேராசை நுழையலாகாது. உலகத்தார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும். எல்லாவற்றிலும் கடவுளே மாட்சி பெற வேண்டும் என்கிறது. பியர் ஆலை நடத்தும் மடத்திற்கு இதைவிடக் கடினமான சட்டம் ஒன்று இருக்க முடியுமா?

வகைகளும் வரிசைப் பட்டியலும்

இனி, அப்புட்டிகளில் இருப்பது என்ன? வாற்கோதுமையை முளைக்கட்டி உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, கசப்புக்காக ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் இட்டு நொதிக்கவிட்டால் பியர் கிடைக்கிறது. வெஸ்ட்மாலே மடத்தார் இதில் இரண்டு வகைகளைப் புகழ்பெறச் செய்தனர். 'டுபெல்' என்பது கருமை கலந்த செம்பழுப்பு நிறமுடையது. கற்கண்டுப் பாகு போன்ற கருஞ்சர்க்கரை அதற்கு நிறமும் மணமும் தருகிறது. சாராயச் சத்து நூற்றுக்கு 7. 'டிரிபெல்' என்பது பொன்னிறமானது, சத்து 9.5. ஓர்வால் மடத்தின் பியரில் காட்டு ஈஸ்ட் ஒன்றைச் சேர்க்கிறார்கள். புட்டிக்குள் மாதங்கள் செல்லச் செல்ல அதன் சுவை மாறிக்கொண்டே போகிறது. வெஸ்ட்விலெட்டரெனின் '12' என்னும் கருநிறப் பியரின் சத்து 10.2, ரோஷ்ஃபோர் மடத்தின் '10' என்பதன் சத்து 11.3.

ஒரு சிறு கணக்கைப் போடுவோம். 10.2 சத்துடைய 330 மி.லி. புட்டி ஒன்றில் தூய சாராயம் ஏறத்தாழ 34 மி.லி. உள்ளது. நம் நாட்டில் விற்கும் 42.8 சத்துடைய விஸ்கியில் 30 மி.லி. கொண்ட சிறு 'பெக்' ஒன்றில் அது 13 மி.லி.க்கும் குறைவு. ஆகவே 'வெறும் பியர்தானே' என்று நீட்டப்பட்ட அந்தப் புட்டி இரண்டரைப் 'பெக்' விஸ்கிக்குச் சமம். துறவியர் கை பட்டதால் சாராயத்தின் வேதியியல் மாறிவிடுவதில்லை.

இவ்வகைகளைப் பெயரிட்டு அடுக்கி வருணிக்கும் கலை கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்தது. ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் 1977இல் வெளியிட்ட உலகப் பியர் கையேடு அதற்கு வழிவகுத்தது. அமெரிக்கப் பியர் நடுவர்களின் வகைப் பட்டியலில் இன்று 'துறவியர் பியர்' என்றே ஒரு பிரிவு உண்டு. மடத்து மேசையில் மௌனமாகப் பருகப்பட்ட எளிய பியரும் அதில் ஓர் இனம். ஓர்வால் போன்றவற்றின் காட்டு ஈஸ்ட் மணத்தைக் 'குதிரைப் போர்வையின் வாசம்' என்று வருணித்து மகிழ்கிறார்கள் இரசிகர்கள். குதிரைத் தொழுவத்தைக் கூட்டுகிறவனுக்கு அந்த வாசம் இலவசமாகவே கிடைக்கிறது என்பது வேறு செய்தி.

இந்தச் சூழலில்தான் 2005ஆம் ஆண்டு வந்தது. பருகுவோர் மதிப்பெண் வழங்கும் 'ரேட்பியர்' என்னும் இணையத் தளம் வெஸ்ட்விலெட்டரென் 12ஐ உலகின் மிகச் சிறந்த பியர் என்று அறிவித்தது. மடத்துச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன; இருப்புத் தீர்ந்தது. வேறு எந்த நிறுவனமாயினும் என்ன செய்திருக்கும்? ஆலையைப் பெருக்கியிருக்கும்; விலையை ஏற்றியிருக்கும்; விளம்பரம் செய்திருக்கும். துறவியர் மூன்றையும் செய்யவில்லை. ஆண்டுதோறும் காய்ச்சும் தம் அளவைப் பெருக்க மறுத்தனர். வேண்டுவோர் தொலைபேசியில் முன்பதிவு செய்ய வேண்டும். வண்டி எண்ணைத் தர வேண்டும். வாங்கியதை இலாபத்திற்கு மறுவிற்பனை செய்யலாகாது என்று நிபந்தனை விதித்தனர். 2018இல் நெதர்லாந்துப் பேரங்காடித் தொடர் ஒன்று மடத்தில் இரண்டு யூரோவுக்கும் குறைந்த விலையுள்ள புட்டியை ஏறத்தாழ பத்து யூரோவுக்கு விற்றபோது மடத்தார் வருந்தினர். மறுவிற்பனையைத் தடுக்கவே 2019இல் பதிவு முறையை இணையத்திற்கு மாற்றினர். ஒரே ஒருமுறை, 2011, 2012ஆம் ஆண்டுகளில், ஆறு புட்டிகளும் இரண்டு கிண்ணங்களும் கொண்ட பெட்டியை வெளிச்சந்தையில் விற்றார்கள். பழுதுற்ற மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் செலவுக்காக அது நடந்தது. செலவுக்குப் பணம் சேர்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டனர்.

முதலிடம் வழங்கிய தளத்தின் கதை என்ன? அது உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனத்தின் கைக்குப் போய், 2025இல் மூடப்பட்டுவிட்டது. பட்டியல் மறைந்தது. மடத்தில் விடியற்காலைத் திருப்பாடல் இன்றும் ஒலிக்கிறது.

அவர்கள் பருகுவது எது?

உலகம் தேடி ஓடுவது 12ஐயும் 10ஐயும் டிரிபெலையும். துறவியர் தம் மேசைக்கென வைத்துக்கொண்டது எது? வெஸ்ட்மாலேயில் 'எக்ஸ்ட்ரா', சிமேயில் 'டோரே', இரண்டும் 4.8 சத்துடைய எளியவை. நெடுங்காலம் மடத்தாருக்கும் விருந்தினருக்கும் மட்டுமே உரியவையாக இருந்தவை. ஓர்வால் மடத்திலும் விற்பனைப் பியரைவிட வலிமை குறைந்த ஒன்றே உள்மேசைக்கு உரியது. வலியதை விற்று, எளியதைப் பருகுகிறார்கள். தவக்காலம் வந்தால், ஆசீர்வாதப்பரின் 49ஆம் அதிகாரப்படி, உணவிலும் பானத்திலும் உறக்கத்திலும் பேச்சிலும் ஒவ்வொருவரும் தாமாகவே ஒரு பகுதியைக் குறைத்துக் காணிக்கையாக்குகிறார்கள்.

பவேரிய நாட்டுப் பழைய துறவியரையும் சிலர் துணைக்கு அழைப்பர். மூனிச் நகரில் புனித பவுலா பிரான்சிஸ் சபையார் தவக்காலத்தில் கெட்டியான பியரை 'நீர்ம அப்பம்' என்று பருகினார்கள் அல்லவா என்பர். பருகினார்கள்; திட உணவை விலக்கிய நாள்களில் உணவுக்குப் பதிலாகப் பருகினார்கள். நாம் பிரியாணியோடு பருகிவிட்டு அவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

நாக்கு அறியாத அடையாளம்

'டிராப்பிஸ்ட்' என்னும் பெயரைப் பிறர் பயன்படுத்துவதை எதிர்த்து மடங்கள் 1960களிலேயே நீதிமன்றம் சென்றன. 1997இல் மடங்கள் சில சேர்ந்து ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைத்து, அறுகோண முத்திரை ஒன்றை உருவாக்கின. முத்திரை பெற மூன்று நிபந்தனைகள்: பொருள் மடத்தின் சுற்றுப்புறத்திலேயே, துறவியராலோ அவர்தம் மேற்பார்வையிலோ செய்யப்பட வேண்டும்; அத்தொழில் துறவு வாழ்வுக்கு அடுத்த இடத்தில்தான் இருக்க வேண்டும்; வருவாய் மடத்தின் தேவைக்குப் போக எஞ்சியது அறப்பணிக்குச் செல்ல வேண்டும். இம்மூன்றில் ஒன்றாவது சுவையைப் பற்றியதா? இல்லை. நிறத்தையோ நுரையையோ மணத்தையோ பற்றியதும் இல்லை.

ஆகெல் மடத்தின் கதை இதனைத் தெளிவாக்கும். பெல்ஜியம் நாட்டின் அந்த மடத்தில் கடைசித் துறவியர் இல்லாமற்போனதால், 2021இல் அதன் பியர் முத்திரையை இழந்தது. முந்தைய நாள் காய்ச்சிய பியருக்கும் மறுநாள் காய்ச்சிய பியருக்கும் சுவையில் வேறுபாடு உண்டா? அதே ஆலை, அதே செய்முறை. எனினும் முன்னது டிராப்பிஸ்ட், பின்னது அன்று. வெஸ்ட்விலெட்டரென் மடத்தாரும் 1946 முதல் 1992 வரை தம் பியரைச் செய்யும் உரிமையை அருகிலிருந்த வணிக ஆலை ஒன்றுக்குக் கொடுத்து, தாம் சிறிதளவே காய்ச்சிக்கொண்டு வழிபாட்டில் நிலைத்திருந்தனர்.

ஆக, அந்த முத்திரை ஒரு வாழ்வுக்குச் சான்று. சுவைக்குச் சான்று அன்று. நாக்கினால் அதனை அறிய முடியாது. நம் உறவினர் கொணர்ந்த புட்டியில் பியர் இருந்தது, துறவு இல்லை. துறவைப் புட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்ற இயலாது. அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து இறைவனைப் புகழ்கிறவன் மாலையில் பருகும் ஒரு குவளையின் பொருளை, எட்டு மணிக்கு எழுந்து ஞாயிறு திருப்பலிக்குத் தாமதமாக வருகிற நாம் அவனிடமிருந்து கடன் வாங்க முடியாது.

அமெரிக்க நாட்டின் ஸ்பென்சர் ஊரில் உள்ள புனித யோசேப்பு மடம் 2014இல் அந்நாட்டின் முதல் டிராப்பிஸ்ட் பியரை விற்பனைக்குக் கொணர்ந்தது. தொழில் நிலைக்கவில்லை. 2022இல் மடத்தார் ஆலையை மூடிவிட்டனர். பியர் நின்றது, துறவு நிற்கவில்லை. துறவியரின் வாழ்வில் பியர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அவர்களால் அதனை விட்டுவிட முடிகிறது. அவர்களை மேற்கோள் காட்டுகிறவர்களைத்தான் நாம் கேட்கிறோம்: உங்களால் முடியுமா?

சுவைஞர் தப்பிவிட்டாரா?

இங்கே படித்த நண்பர் ஒருவர் குறுக்கிட்டுச் சொல்லக்கூடும்: "நான் குடிகாரன் அல்லன். அளவுக்கு மீறுவதில்லை. எனக்கு வேண்டியது சுவை. தரம் அறிந்து, வகை அறிந்து, உரிய கிண்ணத்தில் உரிய குளிர்ச்சியில் பருகுகிறேன். இதில் என்ன குறை?"

அவருக்கு மரியாதையோடு விடை கூறுவோம். அவரது அளவைப் பாராட்டுகிறோம். ஆனால் போசனப்பிரியம் என்னும் தலையாய பாவத்தை நம் முன்னோர் அளவைக் கொண்டு மட்டும் நிறுக்கவில்லை. புனித பெரிய கிரகோரியார் அதற்கு ஐந்து வாயில்களைக் காட்டினார். புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் அவற்றை எடுத்தாண்டு விளக்கினார். உரிய நேரத்திற்கு முன்னரே உண்பது ஒன்று. விலையுயர்ந்ததையே நாடுவது ஒன்று. அளவுக்கு மீறுவது ஒன்று. பேராவலோடு விழுங்குவது ஒன்று. மிக நுணுக்கமாகப் பக்குவம் பார்த்துத் தேடுவது ஒன்று. ஐந்தில் ஒன்றுதான் அளவு. சுவைஞர் அந்த ஒரு வாயிலை அடைத்துவிட்டு, விலை, நுணுக்கம் என்னும் இரண்டு வாயில்களைத் திறந்துவைத்திருக்கிறார். அவற்றுக்குத் தோரணமும் கட்டியிருக்கிறார்.

நல்ல உணவை நல்ல உணவென்று அறிவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. கைவினைஞரின் உழைப்பை மதிப்பதும் அதற்குரிய விலை கொடுப்பதும் நன்று. ஆனால் ஒருவர் தம் விருப்பத்தையே தம் அடையாளமாக்கி, 'நான் இன்னது மட்டுமே பருகுவேன்' என்பதைத் தம் தகுதிச் சான்றாக நீட்டி, கள்ளுக் குடிப்பவனையும் கடைச்சரக்குக் குடிப்பவனையும் தாழ்வாகப் பார்க்கத் தொடங்கும்போது, அங்கே பேசுவது நாக்கு அன்று; செருக்கு. கோவிலில் வரிதண்டுபவரைக் காட்டித் தன் நோன்பைச் சொல்லிக்கொண்ட பரிசேயன், இன்று தன் கிண்ணத்தைச் சொல்லிக்கொள்கிறான். செருக்குற்ற கைவினைஞனையே தொழிலிலிருந்து விலக்கச் சொன்னார் ஆசீர்வாதப்பர். செருக்குற்ற இரசிகனை என்ன செய்திருப்பார்?

கானாவூரைக் காட்டுவோருக்கு

மறுபுறம், மது எவ்வடிவிலும் சாத்தானின் கண்டுபிடிப்பே என்று முழங்கி, அத்துறவியரையும் வேடதாரிகள் என்று பழிப்போரும் உண்டு. அவர்களோடும் நாம் உடன்படுவதற்கில்லை. படைப்பு நல்லது என்பது நம் நம்பிக்கையின் முதற்பாடம். மனித உள்ளத்தை மகிழ்விக்கும் திராட்சை இரசத்திற்காகத் திருப்பாடல் ஆசிரியர் இறைவனைப் போற்றுகிறார். ஆண்டவரின் முதல் அரும் அடையாளம் கானாவூர்த் திருமண வீட்டில் நிகழ்ந்தது. பவுலடியார் திமொத்தேயுவின் வயிற்றுநோய்க்குச் சிறிதளவு திராட்சை இரசம் பரிந்துரைத்தார். திருச்சபையின் பழைய செபநூலில் பியரை மந்திரிக்கும் சடங்கு ஒன்றும் உண்டு. நம் பலிபீடத்தின் மீதே திராட்சை இரசம் இருக்கிறது. இவற்றை நாம் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் இச்சான்றுகளை எடுத்துரைப்போர் ஏன் எப்போதும் பாதியிலேயே நின்றுவிடுகின்றனர்? கானாவூரில் ஆண்டவர் திராட்சை இரசம் தந்தது ஓர் ஏழைக் குடும்பத்தின் மானம் காக்க. நம் விருந்துகளிலோ அதே பெயரால் ஏழைக் குடும்பம் கடன்படுகிறது. திமொத்தேயுவுக்கு எழுதிய அதே பவுலடியார் உரோமையருக்கு எழுதியபோது, சகோதரர் ஒருவர் இடறி விழக் காரணமாகுமானால் இறைச்சியையும் திராட்சை இரசத்தையும் விலக்குவதே நல்லது என்றார். கொரிந்து நகரத் திருச்சபையில் ஒருவர் பசியாய் இருக்க மற்றொருவர் குடிவெறி கொண்டிருந்ததைக் கண்டு, இது ஆண்டவரின் விருந்து அன்று என்று கடிந்துகொண்டார். அவர் அங்கே எந்த வகை இரசம் பரிமாறப்பட்டது என்று கேட்கவில்லை. யார் பசியோடு இருக்கிறார் என்றே கேட்டார்.

நாமும் அதையே கேட்கிறோம். அந்தப் புதுநன்மை விருந்தில் கேட்டிருக்க வேண்டிய வினா, 'இதைச் செய்தவர் யார்?' என்பதன்று. 'இது யார்முன் நீட்டப்படுகிறது?' என்பதே. பெல்ஜியத்து மடத்தைச் சுற்றி மதில் உண்டு, மணியோசை உண்டு, அளவு சொல்ல மூத்தவர் உண்டு. நம் ஊரில் அரசு நிறுவனமே 2003 முதல் தெருத்தெருவாகச் சில்லறை மதுக்கடை நடத்துகிறது. அக்கடைக்கும் வீட்டுக்கும் இடையே கணவனைத் தேடி நடக்கும் பெண்கள் நம் பங்குகளில் எத்தனை பேர் என்பதைப் பங்குத்தந்தையரும் அன்பிய ஒருங்கிணைப்பாளர்களும் அறிவர். அந்தப் பெண்ணின் காதில் 'துறவியரே செய்கிறார்கள்' என்னும் சொல் எப்படி ஒலிக்கும்? தன் கண்ணீருக்கு எதிராகத் திருச்சபையே சாட்சி சொல்வதாகத்தான் ஒலிக்கும்.

நாம் வேண்டுவது

எல்லோரும் முற்றிலும் விலக்க வேண்டும் என்று நாம் சட்டமியற்ற வரவில்லை. ஆசீர்வாதப்பருக்கே இருந்த தயக்கம் நமக்கும் உண்டு. நாம் வேண்டுவன சிலவே.

திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிபூசுதல் ஆகிய அருளடையாள விருந்துகளில் மது எவ்வகையிலும், எந்நாட்டினதாயினும், எவர் கை பட்டதாயினும் இடம்பெற வேண்டாம். குழந்தைக்கு உரிய நாளைக் குழந்தைக்கே விட்டுவிடுவோம்.

மறுப்பவரை இரண்டாம் முறை கேட்க வேண்டாம். முதல் மறுப்பே போதுமானது. அவர் ஏன் மறுக்கிறார் என்று வினவும் உரிமையும் நமக்கு இல்லை. மோர்க் குவளை ஏந்தியவரைப் பந்தியின் நடுவில் மதிப்போடு அமர்த்துவோம்.

பருகுவோர் தம் பெயரிலேயே பருகட்டும். தம் விருப்பத்திற்குத் தாமே பொறுப்பேற்கட்டும். "எனக்குப் பிடித்திருக்கிறது; ஆகவே பருகுகிறேன்" என்பது நேர்மையான வாக்கியம்; அதனோடு நாம் அமர்ந்து பேசலாம். "துறவியரே செய்கிறார்கள்" என்பது பிறர் அங்கியில் ஒளிந்துகொள்ளும் வாக்கியம். அதனை இனி விட்டுவிடுவோம்.

துறவியரைப் பின்பற்ற உண்மையிலேயே விழைவோருக்கு எளிய வழி ஒன்றும் உண்டு. அவர்கள் குறைத்துக்கொள்ளும் தவக்கால அளவைப் பின்பற்றலாம். இலாபத்தை ஏழைக்குக் கொடுக்கும் அவர்தம் கணக்கைப் பின்பற்றலாம். பேசா நேரங்களைப் பின்பற்றலாம். அவர்தம் நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தில் குவளை மேசைமேல் இருக்கும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பின்பற்றுவது பக்தி ஆகாது.

அன்று வெளியே சென்ற அந்த மனிதரைச் சில நாள் கழித்துக் கோவில் வாசலில் சந்தித்தோம். அவர் குடிக்கவில்லை. வீடுவரை நடந்தே சென்றதாகவும், வழி நெடுகிலும் அவர் மனைவி ஒரு சொல்லும் பேசாமல் செபமாலை உருட்டிக்கொண்டே வந்ததாகவும் சொன்னார். "நீங்களும் அங்கேதானே இருந்தீங்க?" என்று அவர் கேட்டார். குற்றஞ்சாட்டும் குரலில் கேட்கவில்லை, நினைவுபடுத்திக்கொள்பவர்போலத்தான் கேட்டார். ஆம், இருந்தோம் என்றோம். வேறொன்றும் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அடுத்த விருந்தில் வாய் வரும் என்று இதன்வழி வாக்களிக்கிறோம். இதை வாசிக்கும் நீங்களும் அந்தக் கூடத்தில் இருப்பீர்கள். கிண்ணம் நீளும்போது இடையில் ஒரு கை நீட்டித் தடுக்க, நம்முள் ஒருவராவது இருக்கட்டும்.